வாக்கியமும் வானமும்: யாழ்ப்பாணப் பஞ்சாங்க வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

2023 ஆம் ஆண்டில் எம்மவர் சனிபகவானை இரண்டு தடவை இடம்மாற்றினர். திருக்கணித பஞ்சாங்கத்தின்படி சனி மகர ராசியிலிருந்து கும்ப ராசிக்குப் பெயர்ந்தது ஜனவரி 17 ஆம் திகதி. வாக்கிய பஞ்சாங்கத்தின்படி அதே பெயர்ச்சி டிசம்பர் 20 ஆம் திகதி. திருநள்ளாற்றில் பெருவிழா நடந்ததும் அன்றுதான். நான் வாழும் தொடர்மாடியில் மேல்வீட்டார் திருக்கணிதம், கீழ்வீட்டார் வாக்கியம். மேல்வீட்டார் ஜனவரியிலேயே எள்ளெண்ணெய் எரித்து நிம்மதியடைந்தனர். கீழ்வீட்டார் மேலும் பதினொரு மாதம் காத்திருந்தனர். இரு வீட்டாரிடமும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "சனி இப்ப வானத்திலை எந்தப் பக்கம் நிக்குது?" இருவருக்கும் தெரியவில்லை. கேட்ட எனக்கும் சில வருடங்களுக்கு முன்புவரை தெரிந்திருக்கவில்லை.

சோதிடம் பொய்யா மெய்யா என்ற பழைய பட்டிமன்றத்தை இங்கு மீண்டும் தொடங்குவது என் நோக்கமல்ல. ஒரு சமூகம் கோள்களைப் பற்றி இவ்வளவு பேசிக்கொண்டு, கோள்களைப் பார்க்காமல் எப்படி வாழப் பழகியது என்பதே என் கேள்வி. அது வரலாற்றுக் கேள்வி. அதற்குள் எமது சமகால அரசியலுக்குரிய கேள்வியும் ஒன்று இருக்கிறது.

ஊரில் நான் வரலாறு கற்பித்தவன். 1829 ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் நடந்த கிரகண விவாதத்தை எத்தனையோ வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். ஆனால் விரிவுரை முடித்து வீடு திரும்புகையில் தலைக்கு மேல் நின்ற வியாழனை ஒருநாளும் அடையாளம் கண்டதில்லை. 2009 இன் தொடக்கத்தில் சுவிசுக்கு வந்தேன். இன்று சிறிய உலோகப் பாகங்கள் கடையும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. இரவு முறை முடிந்து புகையிரத நிலையத்தில் நின்ற ஒரு விடிகாலையில், கிழக்கே மலைக்கு மேல் பெரிய ஒளிப்பொட்டு ஒன்றைக் கண்டு விமான விளக்கென்று நினைத்தேன். என்னுடன் நின்ற போர்த்துக்கேயத் தொழிலாளி சிரித்தார். "நட்சத்திரம் துடிக்கும், இது துடிக்காது. இது வீனஸ்" என்றார். கடலோரக் கிராமத்தில் அவருடைய தகப்பனார் மீனவர். வெள்ளியை எனக்குக் காட்டித் தந்தவர் பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட மனிதர்.

பிறகு ஒரு கொப்பி வாங்கினேன். கோளைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. சூரியனும் சந்திரனும் செல்லும் பாதையை ஒட்டியே கோள்களும் செல்லும். ஆகவே வடக்கு வானத்தில் அவற்றைத் தேட வேண்டாம். வெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. எனவே அது மாலையில் மேற்கிலோ காலையில் கிழக்கிலோதான் தெரியும். புதன் 28 பாகைக்கு மேல் விலகாது. அதைக் காண்பவர் கொடுத்துவைத்தவர். செவ்வாய்க்கு நிறமே சாட்சி. வியாழன் 12 ஆண்டுகளிலும் சனி ஏறக்குறைய 29½ ஆண்டுகளிலும் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும். கையை நீட்டி முட்டியைப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. இந்த முட்டிக்கணக்கு ஒன்றே போதும். அயலில் நிற்கும் விண்மீனிலிருந்து கோள் எவ்வளவு நகர்ந்ததென்று மாதத்துக்கு இரு தடவை குறித்து வரலாம்.

இவ்வாறுதான் 2023 இன் இரு சனிப்பெயர்ச்சிகளையும் நான் பார்த்தேன். ஜனவரி 22 மாலை, முதலாவது பெயர்ச்சி முடிந்து ஐந்தாம் நாள், மேற்கில் வெள்ளியும் சனியும் ஏறக்குறைய ஒட்டி நின்றன. அதன்பின் சனி முன்னே சென்றது. ஜூன் நடுப்பகுதியில் திரும்பியது. நவம்பர் தொடக்கம் வரை பின்னோக்கி நடந்தது. 'வக்கிரம்' என்று எமது முன்னோர் பெயரிட்டது இதைத்தான். டிசம்பர் 20 அன்று எங்கள் பள்ளத்தாக்கை மூடுபனி மூடியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தபோது சனி தென்மேற்கில் அமைதியாக நின்றது. ஜனவரிப் பெயர்ச்சிக்கும் டிசம்பர்ப் பெயர்ச்சிக்கும் இடையில் அது நகர்ந்திருந்த தூரம் ஏறக்குறைய 8 பாகை, ஒரு முட்டிக்குச் சற்றுக் குறைவு. எந்த ஒரு நாளிலும் அது எங்கும் தாவிக் குதிக்கவில்லை.

ராசியின் எல்லை வானத்தில் கோடாக வரையப்பட்டதல்ல, அது மனிதர் வகுத்துக்கொண்ட கணக்கு என்பதையும் இங்கு சொல்ல வேண்டும். ஆகவே 'பெயர்ச்சி' எப்போது என்ற தீர்ப்பைக் கண்ணால் மட்டும் வழங்கிவிட முடியாது. ஆனால் கோள் நிற்கும் இடம் எது என்பதைக் கண் சொல்லும். வாக்கியக் கணக்கு சொல்லும் இடமும் கோள் நிற்கும் இடமும் இன்று ஒன்றல்ல.

அப்படியானால் வாக்கியம் எங்கே பிழைத்தது? முதலில், அது எவ்வளவு நுட்பமான கருவி என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சந்திரனின் வேகம் நாளுக்கு நாள் மாறும். ஆனால் 248 நாட்களில் அந்த மாற்றம் ஏறக்குறைய அதே ஒழுங்கில் திரும்பி வரும். எனவே 248 நாட்களுக்கும் சந்திரனின் இடத்தைக் கணித்து, எண்களை எழுத்துகளாக மாற்றும் கடபயாதி முறையில் 248 சிறு வாக்கியங்களாக அமைத்தனர். இவற்றை வரருசியின் பெயரால் வழங்குவர். ஏடும் எழுத்தாணியும் இல்லாமலே மனப்பாடம் செய்து கொள்ளலாம். கோள்களுக்கும் இத்தகைய வாக்கியங்கள் உண்டு. ஏறக்குறைய 1300 ஆம் ஆண்டளவில் எழுந்த வாக்கியகரணம் என்ற நூல் இந்த முறையைத் தொகுத்துத் தந்தது. தமிழ் வாக்கிய பஞ்சாங்கங்களின் அடிப்படை அதுதான்.

இந்த வாக்கியங்களை ஆக்கியவர்கள் வானத்தைப் பாராதவர்கள் என்று எண்ணினால் தவறு. சங்க நூல்களே நாள்மீன் வேறு, கோள்மீன் வேறு என்று பிரித்தறிந்தவை. சனிக்கு மைம்மீன் என்று பெயர் வைத்தவன் அதன் மங்கிய நிறத்தைக் கண்டவனாகத்தான் இருக்க வேண்டும். கேரளத்தில் நிளா நதிக்கரையில் வாழ்ந்த பரமேசுவரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைத் தாமே பார்த்துக் குறித்து, பழைய கணக்கு வானத்தோடு ஒட்டவில்லை என்று கண்டு, 1431 இல் 'திருக்கணிதம்' என்ற புதிய கணக்கைத் தந்தார். திருக் என்றால் பார்வை. பார்வைக்கு ஒத்த கணிதம் என்பதே பொருள். அவர் வழியில் வந்த நீலகண்ட சோமயாஜி, கணக்கைக் காலத்துக்குக் காலம் வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியே ஆகவேண்டும் என்று வாதாடி ஒரு நூலே எழுதினார். திருத்தம் கேட்பது மரபுக்குத் துரோகம் என்போருக்கு இந்த மரபையே பதிலாகக் காட்டலாம்.

பிழை ஒரே நாளில் வந்ததல்ல. எனது தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். நாளொன்றுக்கு ஒரு விநாடி மட்டும் பிந்தும் கடிகாரம் நல்ல கடிகாரம்தான். அதை ஒருவரும் திருத்தாமல் 700 ஆண்டுகள் ஓடவிட்டால் 71 மணித்தியாலம், அதாவது ஏறக்குறைய மூன்று நாள் பிந்தி நிற்கும். கடிகாரத்தை ஆக்கியவனைக் குறை சொல்ல முடியாது. திருத்துவதை நிறுத்தியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

திருத்துவது நின்றுபோனதைக் காட்டும் இரண்டு சாட்சிகள் ஒரே ஊரிலிருந்து கிடைக்கின்றன. 1761 இல் சூரியனை வெள்ளி கடக்கும் நிகழ்வைப் பார்ப்பதற்காகப் புறப்பட்டு, பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தமையால் கடலிலேயே சிக்கிக்கொண்ட பிரெஞ்சு வானியலாளர் லெ ஜொந்தில், அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை பாண்டிச்சேரியில் முகில் மூடிவிட்டது. ஆனால் அங்கு தங்கியிருந்த காலத்தில் தமிழ்க் கணிதர் ஒருவரிடம் கணிதம் கற்றார். 1765 ஓகஸ்ட் 30 இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் நீடிப்பில் தமிழரின் கணக்கு 41 விநாடி மட்டுமே குறைந்தது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற தோபியாஸ் மாயரின் அட்டவணையோ 68 விநாடி கூடியது. அந்த ஒரு கிரகணத்தில் வென்றது வாக்கியம்.

அரை நூற்றாண்டு கழித்து அதே பாண்டிச்சேரியில் ஜோன் வாரன் வேறொரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அவர் நிலத்தில் சோகிகளைப் பரப்பி, மனப்பாட வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை. வெறும் நினைவாற்றலால் இவ்வளவு நெருங்கியது வியப்புக்குரியதே. ஆனால் அந்தக் கணிதருக்குத் தான் செய்யும் கணக்கின் கோட்பாடு எதுவும் தெரியாதென்று வாரன் குறிப்பிடுகிறார். கருவி கையில் இருந்தது. அது ஏன் அப்படி இயங்குகிறது என்ற அறிவு எங்கோ கைநழுவிவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் வட்டுக்கோட்டை நிகழ்வைப் பார்க்க வேண்டும். அமெரிக்க மிசனரிமார் 1823 இல் அங்கு செமினரியைத் தொடங்கினர். அதிபர் டானியல் பூவர். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தின் பெயர்பெற்ற பஞ்சாங்கக் கணிதர் அராலி விசுவநாத சாத்திரியார். 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணம் பற்றிச் சாத்திரியாரின் பஞ்சாங்கம் சொன்னது ஒன்று, பூவரின் மேனாட்டு அட்டவணை சொன்னது வேறொன்று. தொடங்கும் நேரம், நீடிக்கும் காலம், மறையும் அளவு மூன்றிலும் வேறுபாடு. கிரகண இரவில் பூவரின் கணக்கே சரியென்று கண்டது. இதை மிசனரிமார் பெரும் வெற்றியாகக் கொண்டாடினர். எமர்சன் ரெனன்ற் 1850 இல் வெளியிட்ட நூலிலும் இந்தக் கதை இடம்பெற்றது.

நான் வகுப்பில் இதை 'மேலைத்தேய அறிவியலின் வெற்றி' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவந்தேன். இன்று அப்படிச் சொல்லமாட்டேன். பூவரும் அட்டவணையைப் பார்த்தவர்தான். சாத்திரியாரும் அட்டவணையைப் பார்த்தவர்தான். பூவரின் அட்டவணைக்குப் பின்னால் ஒவ்வோர் இரவும் வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்திய வானாய்வு நிலையங்கள் இருந்தன. சாத்திரியாரின் வாக்கியத்துக்குப் பின்னால் அப்படி எதுவும் எஞ்சியிருக்கவில்லை. வேறுபாடு கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலானதல்ல. வானத்திடம் திரும்பிச் செல்லும் கணக்குக்கும் திரும்பாத கணக்குக்கும் இடையிலானது.

இரு தரப்பும் இதைக் காண மறுத்தன. கிரகணக் கணக்குப் பிழைத்தால் சைவமும் பிழை என்ற பாய்ச்சலை மிசனரிமார் செய்தனர். அது தர்க்கமல்ல, பிரசாரம். கணக்குப் பிழையென்று ஒப்புக்கொண்டால் சைவமும் வீழும் என்று அஞ்சி எம்மவர் கணக்கையே மதமாக்கினர். சொன்னவன் யார் என்பது, சொன்னது என்ன என்பதை விழுங்கிவிட்டது. செமினரியில் பின்னர் அதிபராயிருந்த ஹொய்சிங்ரன் இந்துக்களின் வானியலை ஊன்றிப் படித்து 1848 இல் நூலொன்று வெளியிட்டமையும், மிசனரிமார் 1841 இல் தொடங்கிய பத்திரிகைக்கு விடிவெள்ளியின் பெயரையே வைத்து 'உதயதாரகை' என்றமையும் இந்தக் கூச்சலில் மறந்துபோன செய்திகள்.

இதற்கு வேறு வழியே இருக்கவில்லையா? இருந்தது. சென்னை வானாய்வு நிலையத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் பஞ்சாங்கக் கணிதர் குடும்பத்தில் பிறந்தவர். 1867 இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874 டிசம்பர் 9 இல் வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்தபோது, பொதுமக்களுக்காக உரையாடல் வடிவில் சிறுநூல் எழுதி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளியிட்டார். அதே மனிதர் பார்வைக்கு ஒத்த திருக்கணித பஞ்சாங்கத்தையும் வெளியிட்டு வந்தார். மரபை உதறவுமில்லை, மரபுக்குள் ஒளிந்துகொள்ளவுமில்லை. 1880 இல் அவர் காலமானார். வழியும் பெரும்பாலும் அவரோடு போயிற்று.

எம்மிடம் எஞ்சியது இரண்டு முகாம்கள். கொக்குவில் வாக்கியம் ஒருபுறம், மட்டுவில் திருக்கணிதம் மறுபுறம். இதில் வேடிக்கை யாதெனில், பார்வைக் கணிதம் என்ற பெயரைக் கொண்ட திருக்கணிதமும் இன்று பாராமலே வாங்கப்படுவதுதான். ஒரு முகாம் பழைய வாக்கியத்தை நம்புகிறது. மறு முகாம் அச்சிட்ட புதிய எண்ணை நம்புகிறது. கணக்கில் திருக்கணிதம் வானத்துக்கு நெருங்கியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பழக்கத்தில் இரண்டும் ஒன்றே.

எம்மை நாமே தாழ்த்திக்கொள்ள இதை எழுதவில்லை. நாம் தஞ்சமடைந்த இந்த நாட்டின் கதையும் வேறல்ல. யூலியன் நாட்காட்டி வானத்தை விட்டுப் பத்து நாள் விலகியதைப் பாப்பரசர் கிரகரி திருத்தினார். லூசேர்ன் முதலிய கத்தோலிக்க மாநிலங்கள் 1584 இல் அதை ஏற்றன. சூரிச், பேர்ண், பாசல் முதலிய புரட்டஸ்தாந்து மாநிலங்கள் பாப்பரசர் சொன்னதென்பதற்காக 1701 வரை மறுத்தன. நூறு ஆண்டுகளுக்கு மேல், ஒரு நாள் நடைதூரத்தில் இருந்த இரு ஊர்களுக்கு இரண்டு நத்தார். கிரவுபுண்டன் மலைக் கிராமங்கள் சில 1811 வரை அசையவில்லை. அப்பென்செல் பகுதியின் ஊர்நேஷில் இன்றும் ஜனவரி 13 இல் பழைய ஆண்டிறுதியைக் கொண்டாடுகின்றனர். இவர்கள் வானத்தை மறுக்கவில்லை; வானத்தைச் சொன்ன ஆளை மறுத்தார்கள். ஆனால் ஊர்நேஷ் மக்கள் அந்தப் பழைய நாளை ஆடிப்பாடி வைத்திருக்கிறார்களே தவிர, அதைக் கொண்டு தொழிற்சாலை நேரத்தைக் கணிப்பதில்லை. நேரத்துக்கு அவர்கள் வேறிடம் சென்றனர். 1858 இல் நொய்சாத்தலில் வானாய்வு நிலையம் அமைத்து, விண்மீன்கள் உச்சியைக் கடக்கும் கணத்தை அளந்து, கடிகாரத் தொழில் ஊர்களுக்குத் தந்திவழி நேரம் அனுப்பினர். இன்று நான் வேலைக்குப் போய் அட்டையைப் பதியும் ஒழுங்கின் வேர் அங்கே இருக்கிறது. ஜெனீவா வானாய்வு நிலையத்தின் மிசேல் மயோரும் டிடியே கெலோவும் 1995 இல் வேறொரு சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் கோளை முதன்முதலாகக் கண்டறிந்ததும், 2019 இல் நோபல் பரிசு பெற்றதும் அதே பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

நாமோ யாழ்ப்பாணத்துச் சூரிய உதயத்துக்குக் கணித்த ராகுகாலத்தைச் சூரிச்சின் டிசம்பரில், காலை எட்டு மணிக்குப் பிறகு சூரியன் எழும் ஊரில், பார்த்து நடக்கிறோம். கோடையில் மூன்றரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலமும் கழிக்கிறோமே, அதுவே எமது திருத்தத்தின் எல்லை.

இனி, நான் சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன். 2009 மே மாதத்தின் பின் இங்கு எத்தனை வீடுகளில் "எல்லாம் சனியின்ரை வேலை" என்று கேட்டிருக்கிறேன். படித்தவர்கள், முன்பு எனது விரிவுரைகளைக் கேட்டவர்கள், அப்படிச் சொன்னார்கள். துக்கத்தில் இருப்பவரோடு வாதாட முடியாது, பேசாமல் இருந்தேன். இத்தனை ஆண்டுகளின் பின் பேசலாம். அந்த மாதம் சனி சிங்க ராசியின் விண்மீன்களிடையே இருந்தது. சிங்களவருக்கும் அதே சனி, போர்த்துக்கேயத் தொழிலாளிக்கும் அதே சனி. எமக்கு நேர்ந்தது மனிதர் செய்தது. எதிரி செய்தது உண்டு, உலகம் செய்யாமல் விட்டது உண்டு, நாமே செய்தது உண்டு. கோளின் தலையில் போட்டால் இம்மூன்றும் விசாரணையிலிருந்து தப்பிவிடும்.

சோதிடத்தை நம்பாத நாமும் இங்கு தப்பமுடியாது. எமது அரசியலுக்கும் ஒரு வாக்கிய பஞ்சாங்கம் இருந்தது. எப்போதோ நிலைமையைப் பார்த்து யாரோ ஆக்கிய வசனங்கள். ஆக்கியபோது அவற்றில் உண்மை இருந்திருக்கலாம். பின்னர் நாம் அவற்றை மனப்பாடம் செய்தோம். மேடைகளில், துண்டுப்பிரசுரங்களில், இத்தகைய சஞ்சிகைகளிலும் கூட, சோகி பரப்பிக் கணித்துக்கொண்டே இருந்தோம். வெளியே சென்று நிமிர்ந்து பார்த்துவிட்டு "கணக்குப் பிழைக்கிறது" என்றவனிடம், அவன் கண்டது சரியா என்று கேட்கவில்லை. அவன் யாருடைய ஆள் என்று கேட்டோம். 1829 இல் வட்டுக்கோட்டையில் கேட்ட அதே கேள்வி. நானும் கேட்டிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

2009 இல் சிங்கத்தில் இருந்த சனி 2025 இல் கும்பத்துக்கும் மீனத்துக்கும் இடையில் வந்து நின்றது. வானத்தில் ஏறக்குறைய அரைச் சுற்று. மீனத்துக்கான பெயர்ச்சியிலும் பழைய கதைதான்: திருக்கணிதத்துக்கு 2025 மார்ச் 29, வாக்கியத்துக்கு 2026 மார்ச் 6. 1907 இல் சூரிச்சில் கட்டப்பட்ட ஊரானியா வானாய்வகத்தில் சாதாரண மக்களுக்கும் தொலைநோக்கி வழி வானத்தைக் காட்டுகிறார்கள். கீழ்வீட்டுப் பிள்ளையை ஒருநாள் அங்கு அழைத்துச் சென்றேன். கோயிலில் கறுப்புப் பட்டு சாத்திய சனியைத்தான் அவள் அறிவாள். வளையத்தோடு மிதந்த வெளிறிய மஞ்சள் உருண்டையைக் கண்டுவிட்டு, "இதுக்கோ அம்மா பயப்பிடுறவ?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்த் தாயிடமே கேட்கச் சொன்னேன்.

இக்கட்டுரைக்கு மறுப்பு எழுத விரும்பும் நண்பர்களை வரவேற்கிறேன். வாக்கியத்தின் பக்கம் நின்று எழுதினாலும் சரி, திருக்கணிதத்தின் பக்கம் நின்று எழுதினாலும் சரி. எழுதமுன் தெளிந்த வானமுள்ள ஓரிரவில் வெளியே வந்து, சனி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு எழுதும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.